அம்மாவோட ஓட்டு யாரு புள்ளைக்கு?

எங்க கத்தோலிக்கப் பங்குல அம்மாமாருங்க தேர்தலப் பத்தி வாயத் தொறந்தா முதல்ல வர்றது "பயமா இருக்கு"ங்கிற பேச்சுதான். கட்சி பேரு, ஆளு பேரு எல்லாம் அதுக்கப்புறம்தான் வரும். 2023 ஜூலையில இத நல்லாவே பார்த்தேன். மலேசியாவுல எங்க பினாங்கு மாநில சட்டமன்றத்த ஜூன் கடைசியில கலைச்சிட்டாங்க, ஜூலை 26 புதன்கிழமை புனித அன்னம்மாள் திருநாள், அதே வாரம் சனிக்கிழமை 29-ஆம் தேதி வேட்புமனு, ஆகஸ்ட் 12 ஓட்டு. அன்னம்மாள் கோயில் இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் முழுக்க ஒரு பக்கம் திருவிழா கூட்டம், இன்னொரு பக்கம் கட்சிக் கொடி. அன்னம்மாள் யாரு, மாதாவோட அம்மா, அதனால அங்க வர்ற பொம்பளைங்க கேக்குறது எல்லாமே பிள்ளைங்களுக்குத்தான், குழந்தை வரம், மகனுக்கு வேலை, மகளுக்கு நல்ல எடம், எஸ்பிஎம்னு பள்ளிக் கடைசிப் பரீட்சை ரிசல்ட். தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய்னு நாலு மொழியிலயும் பூசை நடக்கும், இந்து குடும்பங்களும் வந்து மெழுகுவத்தி ஏத்திட்டுப் போகும். அந்த வருஷம் மெழுகுவத்தி ஏத்திட்டு வெளிய வந்த அக்காமார் எல்லாம் மரத்தடியில நின்னு, இஸ்லாமியக் கட்சி பாஸ் இருக்கிற பெரிக்காத்தான் கூட்டணியப் பத்திப் பேசினது ஒரே விஷயம்தான், "அவங்க வந்துட்டா நம்ம கோயிலு, நம்ம பிள்ளைங்க என்ன ஆகும்?"

பதினாறாவது பொதுத் தேர்தல் எப்பன்னு இப்பவே பேச ஆரம்பிச்சாச்சு. இப்ப இருக்கிற நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19-ல கூடினது, அஞ்சு வருஷம் முடிஞ்சா தானா கலைஞ்சிடும், அதனால எப்படியும் 2028 தொடக்கத்துக்குள்ள ஓட்டு வந்துரும். மறுபடியும் அதே பேச்சுதான் வரப்போகுது. அதுக்கு முன்னாடியே என் மனசுல இருக்கிறத எழுதி வச்சிடணும்னு தோணுச்சு.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், அந்த பயத்த நான் லேசா எடுத்துக்கல. காரணம் இல்லாம வந்த பயம் இல்ல அது. நம்ம கத்தோலிக்க வார இதழ் ஹெரால்ட், மலாய்ப் பக்கத்துல கடவுளுக்கு 'அல்லாஹ்'ங்கிற பேரு போடலாமான்னு கோர்ட்டுக்குப் போச்சு, 2009 டிசம்பர் 31-ல உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சுது, அதுக்கு அடுத்த வாரமே கோலாலம்பூர் பக்கம் ஒரு சர்ச்சுக்குத் தீ வச்சாங்க, வேற சில சர்ச்சுகளயும் தாக்கினாங்க. 2013-ல மேல்முறையீட்டுல தோத்து, 2014-ல கூட்டரசு நீதிமன்றமும் கதவ சாத்திடுச்சு. அதே 2014 ஜனவரியில சிலாங்கூர்ல பைபிள் சங்கத்துக்குள்ள போய் முந்நூறுக்கும் மேல பைபிள அள்ளிட்டுப் போனாங்க. 2017 பிப்ரவரியில பெட்டாலிங் ஜெயாவுல பட்டப்பகல்ல பாஸ்டர் ரேமண்ட் கோவோட கார மறிச்சு அவரத் தூக்கிட்டுப் போனாங்க. அவர் கத்தோலிக்கர் இல்லதான், ஆனா அந்தக் காலத்துல ராத்திரி ஜெபமாலை சொன்ன ஒவ்வொரு வீட்டுலயும் அந்த சிசிடிவி காட்சிதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. 2022 நவம்பர் 19-ல பாஸ் கட்சி மக்களவையில தனிக்கட்சியா அதிக இடம் புடிச்சப்போ, 1982-ல இருந்து அன்வார் இப்ராகிம் குடும்பத்துக்கிட்டயே இருந்த பெர்மாத்தாங் பாவ் தொகுதி கைமாறினப்போ, டிக்டாக்ல 1969 மே 13 இனக் கலவரத்தப் பத்தின பேச்சு பரவினப்போ, எங்க தாமான்ல, அதான் எங்க குடியிருப்புல, எத்தன பேரு தூக்கமில்லாம கெடந்தாங்கன்னு எனக்குத் தெரியும். நாட்டுல கிறிஸ்தவங்க 2020 கணக்கெடுப்புப்படி 9.1 சதவீதம், அதுல பெரும்பகுதி சபா சரவாக்குல, இந்தப் பக்கம் தமிழ் கத்தோலிக்கங்கன்னு எண்ணினா ஒரு கைப்பிடி. பயப்படாதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது.

ஆனா பயத்தோட ஓட்டு போடப் போற அம்மா தன்னோட புள்ளைய மட்டும்தான் பார்க்குறா, எனக்கு அதுதான் உறுத்துது. நம்ம கோயிலு, நம்ம புள்ள, நம்ம வீடு, இது மூணும் பத்திரமா இருந்தா போதும்னு பெட்டியில போட்டுட்டு வந்துடுறோம். நம்ம விசுவாசம் நம்மகிட்ட கேக்குறது அது இல்லங்கிறதுதான் என்னோட எண்ணம்.

எங்க பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக்னுதான் கூப்பிடுவேன், அவங்க ஓட்டு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும், மறைச்சதே இல்ல. ஒருநாள் வேலி ஓரமா நின்னு பேசுறப்போ அவங்க சொன்னது, "காலம் கெட்டுக் கெடக்கு, என் பிள்ளைங்க மார்க்கத்த விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு, அதனாலதான் அவங்களுக்குப் போட்டேன்." எங்க அன்பியத்துல, அதாவது பங்குல அக்கம்பக்கத்து வீடுங்க சேர்ந்த ஜெபக் குழுவுல, அக்காமார் பேசுறதும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான். வேலிக்கு ரெண்டு பக்கமும் ஒரே பயம், அந்த பயத்த வச்சி ரெண்டு பக்கமும் ஓட்டு வாங்குறாங்க. அன்னைக்கு அவங்ககிட்ட பதில் எதுவும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் எங்க குரூப்புல யாராவது "அவங்க"ன்னு ஆரம்பிச்சா எனக்கு காக் முகம்தான் வந்து நிக்குது.

அப்புறம் இந்த அமெரிக்கா வீடியோ. 2020-லயும் சரி 2024-லயும் சரி, அங்க தேர்தல் வந்தா நம்ம மாதா சபை வாட்சாப் குரூப்பு நெறஞ்சு வழியும், கருக்கலைப்புக்கு ஆதரவா பேசுறவங்களுக்கு ஓட்டு போட்டா பாவம், நற்கருணை வாங்கலாமா கூடாதான்னு பெரிய பெரிய விவாதம். அங்க இருக்கிற கத்தோலிக்க அம்மாமாருக்கு அது உண்மையான சுமை, கருவுல இருக்கிற உசுரையும் எல்லைல பிரிச்சி வச்ச குழந்தையையும் ஒரே தராசுல போட்டுப் பார்க்கவேண்டிய நெலம, நான் அத மதிக்கிறேன். ஆனா அத அப்படியே இங்க தூக்கிட்டு வந்தா என்ன செய்யுறது? இங்க எந்தக் கட்சியும் அத வச்சி ஓட்டு கேக்குறதே இல்ல. குற்றவியல் சட்டம் 312-ஆம் பிரிவு, தாயோட உசுருக்கோ உடம்பு மனசு நலத்துக்கோ ஆபத்துன்னு டாக்டர் சொன்னா அனுமதிக்குது, அதோட நிக்குது, வருஷக்கணக்கா யாரும் அதத் தொடல.

உசுரைக் காப்பாத்துற விஷயம் இங்க வேற எடத்துல இருக்கு, நாம பார்க்க மாட்டேங்குறோம். பிறையிலயும் பாயான் லெப்பாஸ்லயும் ஃபேக்டரியில வேலை செய்ய வெளிநாட்டுல இருந்து எத்தன பொண்ணுங்க வர்றாங்க, ஞாயித்துக்கிழமை நம்ம கோயில் கடைசி பெஞ்சில உக்காந்திருக்கிற பொண்ணுங்கதான். அவங்களுக்கு பெர்மிட் வேணும்னா ஃபோமேமா மெடிக்கல் செய்யணும், அதுல கர்ப்பம்னு வந்தா தகுதி இல்லன்னு எழுதிடுவாங்க, பெர்மிட் போயிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் குடுத்துட்டு வந்த பொண்ணு அந்த நேரத்துல என்ன முடிவு எடுப்பா? இது சட்டமும் விதிமுறையும் சேர்ந்து ஒரு பொண்ண கருக்கலைப்புப் பக்கம் தள்ளுற விஷயம், மனிதவள அமைச்சும் உள்துறையும் நெனச்சா மாத்தக்கூடிய விஷயம். ஒரு வேட்பாளர்கிட்டயாவது நாம இதக் கேட்டிருக்கோமா? வாஷிங்டன்ல யாரு ஜெயிக்கணும்னு ஒன்பது நாள் நவநாள் செய்யுறோம், பிறையில இருக்கிற கருவுக்காக ஒரு கேள்வி கேக்கல. அந்தப் பொண்ணுக்கு இங்க ஓட்டு கெடையாது, அவளுக்காகப் பேச ஓட்டு இருக்கிற நாமதான் இருக்கோம்.

இதவிட எனக்குக் கஷ்டமான விஷயம் தூக்குத் தண்டனை. எங்க மாதிரி ஃப்ளாட்டுங்க பக்கம் வாழுறவங்களுக்குத் தெரியும், போதைப்பொருள் எப்படி வீட்டுக்குள்ள நொழையுதுன்னு. முதல்ல சும்மா ஒரு பார்சல் கொண்டுபோய்க் குடுன்னுவான், ஐம்பது வெள்ளி தருவான், அப்புறம் அந்தப் பையன் திரும்பி வர முடியாது. அதனாலயே எங்க பக்கத்து அம்மாமார்கிட்ட இந்தப் பேச்ச எடுத்தா "தொங்கவிடணும் லா, அப்பத்தான் பயம் வரும்"னு பட்டுனு சொல்வாங்க, சொல்றவங்கள்ல சிலர் தினமும் பூசைக்கு வர்றவங்க. அந்தக் கோவம் எனக்குப் புரியுது, ஏன்னா அவங்க பிள்ளைங்கதான் அந்த வியாபாரிங்களோட முதல் இரை.

2022 ஏப்ரல் 27-ல சிங்கப்பூர்ல நாகேந்திரன் தர்மலிங்கத்தத் தூக்குல போட்டாங்க. ஈப்போ பையன். 2009-ல உட்லண்ட்ஸ்ல புடிச்சப்போ 42 கிராமுக்கும் மேல ஹெரோயின் அவன் தொடையில கட்டியிருந்துச்சு, ஐக்யூ 69-ன்னு கோர்ட்டுலயே சொன்னாங்க. கடைசி கடைசியா அவங்க அம்மா பாஞ்சாலை கோர்ட்டுல மன்றாடிப் பார்த்தாங்க, முடியல. அவன் கைய ஒருதரம் புடிச்சிக்கணும்னு குடும்பம் கேட்டுச்சு. அந்த அம்மா கத்தோலிக்கர் இல்ல, எங்க அன்பியத்துல யாருக்கும் தெரிஞ்சவங்களும் இல்ல. ஆனா ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில நாலாவது ஸ்தலத்துல நாம முட்டி போடுறது எதுக்கு? தண்டனை வாங்கின மகன வழியில பார்க்குற தாய்க்குத்தானே. சட்டப்படி தீர்ப்பு வாங்கின மகன்தான் அங்கயும்.

2018 ஆகஸ்ட்ல போப் பிரான்சிஸ் திருச்சபையோட போதனை நூலான மறைக்கல்வி நூல்ல 2267-ஆம் எண்ணயே மாத்தி, மரண தண்டனைய எந்த நெலமையிலயும் ஏத்துக்க முடியாதுன்னு எழுத வச்சாரு. நம்ம நாட்டுல 2023-ல கட்டாய மரண தண்டனைய எடுத்தாங்க, ஏப்ரல் 3 மக்களவையில நிறைவேறி ஜூலை 4-ல நடைமுறைக்கு வந்துச்சு, தூக்குத் தண்டனையே போயிடல, ஆனா இனி நீதிபதி அந்த ஆளோட நெலமைய பார்த்து முடிவு பண்ணலாம். உசுருக்காகப் பேசுற ஒரு கத்தோலிக்கத் தாய்க்கு அந்த வருஷத்துல இதவிடப் பெரிய அரசியல் செய்தி என்ன இருந்திருக்கும்? திருவிழா மரத்தடியில ஒருத்தர் வாயில இருந்தும் அது வரல. அந்தச் சட்டம் வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அத ஆதரிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லல, எதிர்த்தவங்களப் பார்த்து ஏன்னு கேக்கல.

வீட்டுக்குள்ள வர்றேன். எங்க அத்தைக்கு எப்பவும் தராசுதான், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) இருக்கிற பாரிசான் கூட்டணியோட சின்னம். தோட்டத்துல லைன் வீட்டுல வளர்ந்தவங்க, கரண்ட் வந்தது, தண்ணி பைப்பு வந்தது, பிள்ளைய டவுன் ஸ்கூல்ல சேர்க்க லெட்டர் குடுத்தது எல்லாம் ம.இ.கா. தலைவர்தான், "சோறு போட்ட கைய மறக்கக்கூடாது"ம்பாங்க. எங்க வீட்டுக்காரர் 2007 நவம்பர் 25 இந்தியர் உரிமைக்கு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு கோலாலம்பூர் போய் கண்ணுல கண்ணீர்ப்புகை வாங்கிட்டு வந்தவரு, 2008 மார்ச்ல இருந்து ராக்கெட் கட்சி டிஏபியத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. பல வருஷம் தேர்தல் நேரத்துல அம்மாவும் மகனும் ஒரே மேசையில சாப்பிட மாட்டாங்க, நான் ரெண்டு தடவ கொழம்ப சூடு பண்ணணும். அப்புறம் 2023-ல பார்த்தா தராசும் ராக்கெட்டும் ஒன்னா நிக்குது, ம.இ.கா. அந்த மாநிலத் தேர்தல்ல வேட்பாளரே போடல. அத்தை ரொம்ப நேரம் யோசிச்சாங்க. கடைசில எதுக்குப் போட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல, "அது எனக்கும் மாதாவுக்கும் தெரியும்"னு முடிச்சிட்டாங்க. நாப்பது சீட்டுல தராசு, ராக்கெட் எல்லாம் சேர்ந்த கூட்டணி 29, பெரிக்காத்தான் 11-ன்னு ராத்திரி முடிவு வந்தப்போ "சரி, நாளைக்கு பூசைக்கு எத்தன மணி"ன்னு கேட்டுட்டுப் படுத்துட்டாங்க. அத்தைக்கிட்ட நான் மதிக்கிறது அந்த யோசனையத்தான், அத்தன வருஷப் பழக்கம் இருந்தும் அந்தத் தடவ உக்காந்து நிதானமா யோசிச்சாங்களே.

மகன் வேற மாதிரி. 2019-ல அரசியல் சட்டத்த மாத்தினதால பதினெட்டு வயசுலயே ஓட்டு, 2021 டிசம்பர்ல இருந்து பேரும் தானாவே பதிஞ்சிடுது, 2018-ல ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் கம்மியா இருந்த வாக்காளர் பட்டியல் 2022-ல ரெண்டு கோடியே பத்து லட்சத்தத் தாண்டிடுச்சு, அதுல அவன் மாதிரி பிள்ளைங்க எத்தன லட்சம். அவன்கிட்ட நான் "உனக்காகத்தான்டா யோசிச்சு ஓட்டு போடுறேன்"னு சொன்னப்போ அவன் சொன்னான், "எனக்கே ஓட்டு இருக்கும்மா. எனக்காக நான் போட்டுக்குறேன். நீங்க ஓட்டு இல்லாதவங்களுக்காகப் போடுங்க." மறைக்கல்வி வகுப்புல எந்த டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. நான் இங்க எழுதுறதுல பாதி அந்த வார்த்தையில இருந்து வந்ததுதான்.

அவனுக்காக எனக்குக் கவலை இல்லன்னு சொல்லல. பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி படிக்கிற மெட்ரிகுலேஷன் எடத்துல தொண்ணூறு சதவீதம் பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரங்களுக்கும் மத்த பூர்வகுடிங்களுக்கும் போனா மத்தவங்களுக்கு பத்து, இது எங்க வீட்டுலயும் எரியுற விஷயம். 2024 ஜூன் கடைசில, எஸ்பிஎம்ல பத்து ஏ-வும் அதுக்கு மேலயும் எடுத்தா எந்த இனமா இருந்தாலும் எடம் உண்டுன்னு பிரதமர் சொன்னாரு, நல்ல விஷயம்தான். ஆனா அஞ்சு ஏ, ஆறு ஏ எடுக்குற புள்ள, அப்பா லாரி ஓட்டுறாரு, டியூஷன் காசு கட்ட முடியல, அந்தப் புள்ளைக்கு என்ன வழி? அந்தப் பிள்ளையோட அம்மா என் பக்கத்து பெஞ்சுலதான் உக்காருறாங்க.

ஃபாதர் ஏன் யாருக்குப் போடணும்னு சொல்ல மாட்டேங்குறாருன்னு சில பேருக்குக் கோவம். சொல்லக்கூடாது, திருச்சபைச் சட்டமே குருக்கள் கட்சி அரசியல்ல எறங்கக்கூடாதுன்னு வச்சிருக்கு, எனக்கு அது சரியாத்தான் படுது. ஓட்டு போடுறது மட்டும் நம்ம இஷ்டத்துக்கு விட்ட விஷயம் இல்ல, மறைக்கல்வி நூல் 2240-ல வரி கட்டுறது, ஓட்டு போடுறது, நாட்டக் காக்குறது மூணையும் ஒரே வரியில வச்சி இது ஒழுக்கக் கடமைன்னு சொல்லுது, காரணமா அது சொல்றது பொது நன்மை. பொதுன்னா எல்லாரும்தான், நம்ம பங்கு மட்டும் இல்ல. 2020-ல போப் பிரான்சிஸ் எழுதின 'ஃப்ராத்தெல்லி தூத்தி' மடல்ல ஒரு முழு அத்தியாயமே நல்ல அரசியலப் பத்திதான், அன்பு வீட்டுக்குள்ள மட்டும் இல்ல அரசியல்லயும் இருக்கணும்னு. அவ்வளவு தூரம் ஏன், மாதா பாட்டு ஒன்னு போதும். எலிசபெத்த பார்க்கப் போன கர்ப்பிணிப் பொண்ணு பாடுறா, கடவுள் அதிகாரத்துல இருக்குறவங்கள சிம்மாசனத்துல இருந்து எறக்குறாரு, தாழ்ந்தவங்கள உயர்த்துறாரு, பசிச்சவங்கள நெறைக்கிறாரு. தன் வயித்துப் புள்ளைய மட்டும் நெனச்சு ஒரு வரிகூட அதுல இல்ல. நாம அத மெட்டுப் போட்டுப் பாடுறோம், மாதாவுக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொல்லிக்கிறோம்.

இந்திரா காந்தி அம்மா விஷயத்துலயும் இதுதான் எனக்கு வலி. ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை, இந்து, 2009-ல புருஷன் இஸ்லாத்துக்கு மதம் மாறி, அவங்களுக்குத் தெரியாமலே மூணு பிள்ளைங்களயும் மாத்தி, பதினோரு மாசக் கைக்குழந்தை பிரசன்னா டிக்‌ஷாவத் தூக்கிட்டுப் போயிட்டாரு. 2018 ஜனவரி 29-ல கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது, அப்பா அம்மா ரெண்டு பேரு சம்மதமும் வேணும்னு சொல்லிடுச்சு. தீர்ப்பு வந்தும் அந்தப் பொண்ணு இன்னும் தாய்கிட்ட வந்து சேரல. அந்தத் தீர்ப்பு நம்ம கத்தோலிக்க அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் காவல். ஆனா அந்த அம்மா ரோட்டுல எறங்கி நடந்தப்போ எத்தன மாதா சபைங்க கூட நடந்துச்சு? "அது இந்துக்களோட பிரச்சனை"ன்னு என் காதுபடவே சொன்னவங்க உண்டு. ஹெரால்ட் வழக்கு நடந்தப்போ நமக்காகப் பேசின இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தாங்க, அவங்க அப்படிச் சொல்லல.

குடியுரிமை விஷயம் அதுக்கு அடுத்து. மலேசிய அப்பாவுக்கு வெளிநாட்டுல பொறந்த பிள்ளைக்கு குடியுரிமை தானா வரும், மலேசிய அம்மாவுக்குப் பொறந்தா வராதுன்னு இருந்தத, 2024 அக்டோபர் 17-ல மக்களவையில திருத்தினாங்க. அம்மாமாருங்க தெருவுலயும் கோர்ட்டுலயும் வருஷக்கணக்கா நின்னு வாங்கினது அது. ஆனா அதே திருத்தத்துல சிவப்பு ஐசி வச்சிருக்கிற நிரந்தரவாசிங்களுக்கு இங்கயே பொறக்குற பிள்ளைங்களோட தானியங்கி உரிமைய எடுத்துட்டாங்க. தோட்டத்துல பொறந்து வளர்ந்தும் இன்னும் சிவப்பு ஐசியோட இருக்கிற நம்ம ஆளுங்க குடும்பத்த இது எப்படித் தொடப்போகுதுன்னு யோசிச்சா, ஒரே நாள்ல ஒரு தாய்க்குக் குடுத்து இன்னொரு தாய்கிட்ட இருந்து எடுத்திருக்காங்க. இந்த மாதிரி விஷயத்துல எந்தக் கட்சியும் முழுக்க நம்ம கட்சி ஆகிடாது, நான் ஓட்டு போடுற கட்சியையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதனால எங்க அன்பியத்துல நான் ஒரு யோசனை சொல்லியிருக்கேன், சில பேரு சரின்னாங்க, சில பேரு கோயிலுக்குள்ள அரசியல் எதுக்குன்னாங்க, பேசிக்கிட்டிருக்கோம். தாமானுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், பெரிக்காத்தானா இருந்தாலும் சரி, அம்மாமார் எல்லாம் கோப்பி குடுத்து உக்கார வச்சி கேக்கணும். கர்ப்பமானா பெர்மிட்ட பறிக்கிற விதிய மாத்துவீங்களா? தீர்ப்பு வாங்கின தாய்க்குப் பிள்ளையக் கொண்டுவந்து குடுக்க போலீஸ்கிட்ட என்ன கேப்பீங்க? சிவப்பு ஐசி வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி? அஞ்சு ஏ புள்ளைக்கு எந்தக் கதவு? நம்ம கோயில் பாதுகாப்பையும் கேக்கணும், கேக்காம விடக்கூடாது, ஆனா அது கடைசிக் கேள்வியா இருக்கட்டும். பக்கத்து வீட்டு காக் அக்காவையும் கூப்பிடலாம்னு இருக்கேன், அவங்க பெரிய மகனுக்கும் வேலை பிரச்சனை இருக்கு, அவங்களுக்கும் கேக்க நெறைய இருக்கும். அத்தை இதுக்கு ஒத்துக்கிட்டாங்க, ஆனா வர்றவரு தராசுக்காரரா இருந்தா முதல் கேள்விய தான்தான் கேப்பேன்னு சொல்லியிருக்காங்க.